மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை, ஓடவிட்டால் இரைச்சல்

நான் செய்த முதல் காணொளிப் பதிவு ஒரு மணி நாற்பது நிமிடம் ஓடியது. 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' விளையாட்டில் பிரான்சின் கலே துறைமுகத்தில் சரக்கேற்றி ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் இறக்கிவிட்டு, அங்கிருந்து கிடைக்கும் சவாரியைப் பிடித்துக்கொண்டு மேலும் கிழக்கே போவது, வழியெல்லாம் அந்தந்த நாட்டின் சாலை விதிகளைப் பற்றித் தமிழில் பேசிக்கொண்டே போவது என்பது திட்டம். மூன்றாவது சரக்கை இறக்குவதற்காகக் கிடங்கின் வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. அரை மணி நேரம் கழித்துக் கணினியைத் திறந்து பார்த்தால் கோப்பு இருந்தது, அதன் அளவும் சரியாகவே காட்டியது. ஆனால் எந்தப் பிளேயரிலும் அது திறக்க மறுத்தது. அன்று பேசியதில் ஒரு சொல்கூட இப்போது என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகு ஓராண்டுக் காலம் இந்த வேலையில் கற்றுக்கொண்டவற்றை எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன். விளையாடுவதற்குக் கணினி கட்டுவது எப்படி என்று சொல்லித்தர ஏராளமானோர் இருக்கிறார்கள், நானும் அவர்களைக் கேட்டுத்தான் கட்டினேன். ஆனால் விளையாடிக்கொண்டே பதிவும் செய்ய வேண்டும் என்றால், கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது அறைக்கும், மின்சாரத்துக்கும், நம் குரலுக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பணமெல்லாம் செலவான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பாகங்களை 2023இல் வாங்கினேன். அதற்கு முந்தைய ஆண்டுகளில் கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனதால் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கார்டு வைத்து அதைத் தோண்டும் வேலைக்கே முடிவுகட்டிய பிறகுதான் என்னைப் போன்றவர்கள் கடைப்பக்கம் தலைகாட்ட முடிந்தது. திருச்சியிலும் கடைகள் உண்டு. என்றாலும் சென்னை ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, எட்டு எட்டாகப் பதினாறு ஜிபி ரேம், 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, பாகங்களுக்கு மின்சாரம் தரும் 550 வாட் எஸ்எம்பிஎஸ், ஒரு எஸ்எஸ்டி, பதிவுகளைச் சேர்த்துவைக்க 2 டிபி ஹார்டு டிஸ்க், கேபினட். மானிட்டர் நீங்கலாக எழுபதாயிரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. கேபினட்டின் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி என்பதால், மலைக்கோட்டை விரைவு ரயிலில் அந்தப் பெட்டியைப் பெர்த்தில் படுக்கவைத்துவிட்டு நான் உட்கார்ந்தே ஊர் வந்து சேர்ந்தேன்.

பொருத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையேட்டைப் பார்த்து நிதானமாகச் செய்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். இரண்டு இடங்களில் மட்டும் நான் சறுக்கினேன். எல்லாம் பூட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டதும் விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கார்டு பழுதோ, ரேம் சரியாக உட்காரவில்லையோ என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டியதில் இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. கடைசியில் பார்த்தால், மானிட்டர் கேபிளைப் பழக்கதோஷத்தில் மதர்போர்டில் செருகியிருந்தேன். 5600 பிராசசரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, ஆகவே அந்தத் துளையில் எதுவும் வராது. கேபிளைக் கீழே இருக்கும் கார்டில்தான் செருக வேண்டும். இன்னொரு சறுக்கல் சத்தமில்லாமல் நடந்தது. 3200 என்று அச்சிட்ட ரேமை வாங்கி மாட்டினாலும், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், அந்த வேகத்தைத் திறந்துவிடும் எக்ஸ்எம்பியை இயக்காதவரை அது அந்த வேகத்துக்கு வராது. என்னுடையது இரண்டு மாதம் 2133இலேயே ஓடிக்கொண்டிருந்தது.

பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ. இலவசம், திறந்த மூலம், 2012 முதல் வளர்ந்துவரும் மென்பொருள். அதில் என்கோடர் என்ற இடத்தில் எக்ஸ்264 என்பதைத் தேர்ந்தெடுத்தால் படத்தைச் சுருக்கும் சுமை முழுவதும் பிராசசரின் தலையில் விழும். என்வென்க் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கார்டுக்குள்ளேயே அதற்கென்று ஒதுக்கப்பட்ட தனிச் சுற்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். யாரோ பழைய காணொளி ஒன்றில் எக்ஸ்264தான் தரம் என்று சொன்னதை நம்பி நான் அதையே வைத்திருந்தேன், லாரி ஒவ்வொரு வளைவிலும் திக்கித் திணறியது. என்வென்க்குக்கு மாறிய பிறகும் திணறல் முற்றிலும் ஒழியவில்லை என்பதுதான் என்னைக் குழப்பியது. ஓபிஎஸ்ஸில் புள்ளிவிவரங்களுக்கென்று ஒரு சிறு சன்னல் இருக்கிறது. அதில் என்கோடர் பிந்தியதால் விட்டுப்போன ஃப்ரேம்கள் (காணொளியின் தனித்தனிப் படங்கள்) ஒரு வரியிலும், காட்சியை வரைவதில் பிந்தியதால் தவறிய ஃப்ரேம்கள் வேறொரு வரியிலும் வரும். எனக்கு இரண்டாவது வரிதான் ஏறிக்கொண்டே போனது. விளையாட்டு கார்டின் முழுத் திறனையும் உறிஞ்சிக்கொள்ளும்போது, ஓபிஎஸ் தன் காட்சியை வரைவதற்கும் அதே கார்டிடம்தான் கையேந்த வேண்டும் என்பதால் அதன் முறை வரும்போது இலையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. விளையாட்டின் ஃப்ரேம் வேகத்தை நொடிக்கு 60க்கு மேல் போகாமல் கட்டிவைத்ததும் அந்த எண்ணிக்கை அப்படியே நின்றுவிட்டது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு 60இல் ஓட்டுவதா என்று மனம் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் 144ஐ 60ஆல் வகுத்தால் முழு எண் வராது, ஆகவே அந்த வேகத்தில் விளையாடி 60இல் பதிவு செய்தால் நகர்வு சீராக இராது. லாரி ஓட்டுவதற்கு 60 தாராளம்.

இனி அந்தத் தொலைந்த கோப்பு. எம்பி4 வகைக் கோப்பில், எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. நிறுத்துவதற்கு முன் மின்சாரம் போனால், படமெல்லாம் வட்டில் இருந்தும் அதைப் படிக்க வழியில்லாமல் போகிறது. எம்கேவி அப்படியல்லாமல் எழுத எழுதவே படிக்கத்தக்கதாக இருக்கும், அறுந்தால் அறுந்த இடம் வரை மிஞ்சும். எம்கேவியில் பதிவு செய்துவிட்டு, ஓபிஎஸ் பட்டியலிலேயே இருக்கும் ரீமக்ஸ் மூலம் தரம் குறையாமல் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. புதிய பதிப்புகளில் இந்தக் குறையைத் தீர்த்த ஹைப்ரிட் எம்பி4 என்ற வகையும் வந்துவிட்டது. நான் இன்னும் எம்கேவியை விடவில்லை, சூடுபட்ட பூனை.

மின்சாரம் போன மறுநாளே யுபிஎஸ் வாங்கக் கிளம்பினேன். "600 விஏ போதும் தம்பி, எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க" என்றார் கடைக்காரர். விஏ வேறு, வாட் வேறு. அந்த யுபிஎஸ் தாங்குவது 360 வாட் மட்டுமே என்பது பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருந்தது. கார்டு மட்டுமே 170 வாட், அதனுடன் பிராசசர், மானிட்டர், மற்றவை எல்லாம் சேர்ந்து உச்சத்துக்குப் போன ஒரு நொடியில் மின்சாரம் போக, யுபிஎஸ் ஒரு முறை கீச்சென்று கத்திவிட்டு அதுவும் அணைந்தது. பிறகு 600 வாட் தாங்குவதாக ஒன்றை வாங்கினேன். பத்து நிமிடம் கொடுக்கிறது, பதிவை நிறுத்திச் சேமிக்க அது போதும். கணக்கென்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 350 வாட் என்று வைத்து நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் 1.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அப்போது இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டில் பெரும்பகுதியை என் லாரியே குடித்துவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அம்மா.

அந்த 350 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வந்து சேர்கிறது. மே மாதத் திருச்சியில், பத்துக்குப் பத்து அறையில், சிறியதொரு ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஒப்பான நிலை அது. மின்விசிறி இல்லாமல் கால் மணி நேரம் தாண்டாது. மின்விசிறி ஓடினாலோ மேசைமேல் இருந்த கண்டென்சர் மைக் அதன் ஒவ்வொரு சுற்றையும் விசுவாசமாகப் பதிவு செய்தது. முதல் நான்கு காணொளிகளில் நான் ஏதோ ஆலைக்குள் நின்று பேசுவதுபோல் இருக்கும்.

இதற்கு ஓபிஎஸ்ஸில் உள்ள எளிய மருந்து நாய்ஸ் கேட். ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் மைக்கின் வாயை மூடிவிடும், மேலே ஏறினால் திறக்கும். இரைச்சல் நின்றுவிட்டது, எனக்கும் மகிழ்ச்சி. ஒரு வாரம் கழித்து நண்பர் ஒருவர், "அந்த ஈரச் சாலையில வேகம் எடுக்கச் சொல்றீங்களே, வண்டி கவிழாதா?" என்று கேட்டார். போட்டுப் பார்த்தேன். "இந்த வளைவில் வேகம் எடுக்கக் கூடாது" என்று நான் சொன்னதில் "கூடாது" இல்லை. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. செய்யலாமா கூடாதா, செய்தேனா செய்யவில்லையா என்பதெல்லாம் அந்த வினையின் வாலில்தான் இருக்கிறது. பேசும்போது நம் குரல் தாழ்வதும் சரியாக அந்த இடத்தில்தான். ஆக, குரல் தாழ்ந்த கணத்தில் கதவு மூடிக்கொண்டு, வாக்கியத்தின் உயிரான பகுதியையே வெளியில் நிறுத்திவிட்டது. மூடும் அளவு இயல்பாக மைனஸ் 32 டெசிபலில் இருக்கும். அதை மைனஸ் 45க்கு இறக்கி, மூடுவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தை 200 மில்லி நொடியிலிருந்து 400 ஆக்கியபின் வினைகள் திரும்பி வந்தன. கூடவே மின்விசிறியும் கொஞ்சம் திரும்பி வந்தது.

உண்மையான தீர்வு மென்பொருளில் கிடைக்கவில்லை. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவருவதுதான் தீர்வு. தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், தலைக்கு மேலே சுழலும் விசிறியின் ஒலியோ பெரிதாக மாறாது. மேசையில் இரண்டடி தள்ளி இருந்த மைக்கை நான்கு விரற்கடைக்குக் கொண்டுவந்தால் மூன்று முறை பாதியாக்கியதற்குச் சமம், 18 டெசிபல் லாபம். கண்டென்சரை விற்றுவிட்டு, பக்கத்தில் இருப்பதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளும் டைனமிக் மைக் ஒன்றை வாங்கினேன். காற்று நேராக மோதாமல் இருக்க அதற்கு ஸ்பாஞ்சு உறை மாட்டி, வாய்க்கு நேரே வைக்காமல் சற்று ஓரமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பேசுபவர்களை 'ப' வரும் இடத்தில் மைக் வெடிக்கும் என்று எச்சரிப்பார்கள். தமிழ்ப் பகரம் அவ்வளவு காற்றை உமிழ்வதில்லை என்பதால் அந்தத் தொல்லை எனக்குக் குறைவு. சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையும் தந்த எதிரொலியை அடக்க, முதுகுக்குப் பின்னால் ஒரு பவானி ஜமக்காளத்தைக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டேன். மின்விசிறி இரண்டாம் எண்ணில் ஓடுகிறது. மிச்சமிருக்கும் மெல்லிய இரைச்சலை ஓபிஎஸ்ஸின் ஆர்என்நாய்ஸ் வடிகட்டி எடுத்துவிடுகிறது, நாய்ஸ் கேட்டை நிறுத்தியே விட்டேன். பேசும்போது மீட்டர் மஞ்சள் பகுதியில் ஆடுகிறதா, சிவப்பைத் தொடாமல் இருக்கிறதா என்பதைத் தொடங்குவதற்கு முன் பத்து நொடி பேசிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒலியைத் தனித்தனி டிராக்கில் பதிவு செய்யும் வசதியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்தியிருக்க வேண்டும். ஓபிஎஸ் ஆறு டிராக் வரை தருகிறது. நான் முதலாவதில் எல்லாம் கலந்தும், இரண்டாவதில் விளையாட்டை மட்டும், மூன்றாவதில் குரலை மட்டும் வைக்கிறேன். எஞ்சின் உறுமல் என் பேச்சை விழுங்கிவிட்ட இடங்களில் எடிட் செய்யும்போது அதை மட்டும் தணித்துவிடலாம். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. இந்த விளையாட்டின் வண்டிக்குள் ஒரு ரேடியோ இருக்கிறது, நம் கணினியில் உள்ள பாடல்களையும் அதில் ஒலிக்கவிடலாம். இரவு நேர நெடுஞ்சாலைக்கு ஏற்றவையென்று பழைய பாடல்கள் சிலவற்றைப் போட்டுவிட்டேன். பதிவேற்றி முடிப்பதற்குள் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து நின்றது. நியாயம்தான், பாட்டு என்னுடையதில்லையே. பாடல் விளையாட்டுக்குள்ளிருந்தே ஒலிப்பதால் அது விளையாட்டின் டிராக்கிலேயே கரைந்துவிடுகிறது, பிரித்தெடுக்க வழியில்லை. இப்போது ரேடியோவை அணைத்துவிட்டு, வேறொரு பிளேயரில் பாட்டை ஓடவிட்டு, ஓபிஎஸ்ஸிடம் விளையாட்டின் ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பாட்டு என் ஹெட்ஃபோனோடு நின்றுவிடுகிறது.

பதிவுக்கு எஸ்எஸ்டி கட்டாயம் என்று சிலர் சொல்வதுண்டு. நொடிக்கு 20 மெகாபிட் என்பது வெறும் 2.5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 9 ஜிபி. சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கு அது ஒரு சுமையே இல்லை. பதிவேற்றத்தில் ஒரு தந்திரம் உண்டு. 1080பியில் எடுத்ததை எடிட் செய்து வெளியிடும்போது 1440பியாகப் பெரிதாக்கி ஏற்றினால் யூடியூப் அதற்கு மேம்பட்ட கோடெக்கை, அதாவது படத்தைச் சுருக்கும் முறையை, ஒதுக்குகிறது, சாலையோர மரங்களும் மழைத்துளிகளும் கட்டம் கட்டமாகச் சிதையாமல் தெரிகின்றன. அரை மணி நேரக் காணொளி ஐந்தரை ஜிபி வரை போகும் என்பதால் இரவு ஏற்றிவிட்டுத் தூங்கப் போய்விடுவேன்.

சென்ற வாரம் கலேயிலிருந்து படகேறி டோவரில் இறங்கினேன். பிரிட்டனில் சாலைக்கு இடப்பக்கம் என்பதால் முதல்முறையாக வண்டி நம் ஊரில் ஓடுவதுபோல் ஓடியது, அதைப் பற்றியே இருபது நிமிடம் பேசியிருக்கிறேன். கேட்டுப் பார்த்ததில் வினைகள் எல்லாம் இருக்கின்றன. கீபோர்டைத் தட்டும் அதிர்வு மட்டும் மேசை வழியாக மைக்குக்கு ஏறுகிறது. ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்திருக்கிறேன், பாதி குறைந்திருக்கிறது.