வழிச்சு எடுத்த இடத்துல கிடைச்ச கடல்

ஆர்டர் எடுத்து ஆயில் பெயிண்டிங் பண்றதுதான் என் பொழப்பு. ஆரம்பத்துல எல்லாமே பிரஷ்தான், கத்தியை கலர் கலக்கவும் பேலட்டை, அதான் கலர் கலக்கற பலகையை, சுரண்டவும் மட்டும்தான் தொடுவேன். ஒரு கடல் படம், மூணு நாளா அலையை தடவித் தடவி எல்லாம் சாம்பல் கலர்ல குழம்பிப் போச்சு, கோவத்துல கத்தியை எடுத்து மொத்தத்தையும் வழிச்சேன். கேன்வாஸ் இழைக்குள்ள மட்டும் கொஞ்சம் நீலம் தங்கி நின்னுச்சு பாருங்க, மூணு நாளா நான் தேடின தூரத்துக் கடல் அதுதான்!

அப்புறம்தான் கழுத்து வளைஞ்ச பெயிண்டிங் கத்தி வாங்கினேன், கை விரல் ஈரப் பெயிண்ட்ல படாம வேலை செய்ய அதுதான் வசதி. அல்ட்ராமரைன் நீலத்தையும் வெள்ளையையும் முழுசா கலக்காம அரைகுறையா விட்டு, கத்தியோட அடியில அள்ளி, அழுத்தாம ஒரே இழுப்பு. ரெண்டு கலரும் கோடு கோடா பிரிஞ்சு வரும், இழுப்போட ஓரத்துல சின்னதா ஒரு வரப்பு எழும்பி நிக்கும், வெளிச்சம் அதுலதான் விழும். நல்லாருக்கேன்னு அதே இடத்துல இன்னொரு தடவை இழுத்தா சேறுதான், கைய எடுத்துடணும், கத்திய துணியில துடைக்கணும், அப்புறம்தான் அடுத்த இழுப்பு. பிரெஞ்சு ஓவியர் செசான் 1866 வாக்குல தன் தாய்மாமாவை கத்தியாலயே திரும்பத் திரும்ப வரைஞ்சிருக்காரு, அந்த முகங்கள்ல ஒவ்வொரு இழுப்பும் செங்கல் வச்ச மாதிரி தனித்தனியா தெரியும், எனக்கு அதைப் பாக்க அவ்வளவு பிடிக்கும்.

காயறதுலதான் நான் பெரிய அடி வாங்கினேன். ஆயில் பெயிண்ட் தண்ணி மாதிரி ஆவியாகி காயாது, காத்துல இருக்கற ஆக்சிஜனை எடுத்துதான் இறுகும், அதனால தடிமனா வச்ச இடம் மேல ஏடு கட்டிடும், உள்ள மாசக்கணக்குல மெத்துனுதான் இருக்கும். ஒருத்தர் அவசரப்படுத்தினாருன்னு தொட்டுப் பாத்துட்டு ஆறே வாரத்துல பபிள் ராப் சுத்தி அனுப்பிட்டேன், அங்க போய் பிரிச்சா மேகத்து வரப்பு மேல பூரா வட்ட வட்டமா அச்சு. அவர் அனுப்பின போட்டோவை பாத்து அன்னிக்கு சாப்பாடே இறங்கல, புதுசா வரைஞ்சு குடுத்தேன்.

இப்ப ஆர்டர் எடுக்கும்போதே மாசக் கணக்கு சொல்லிடறேன். அடியில எண்ணெய் கம்மியா, மெல்லிசா அம்பர்ங்கற மண் பழுப்பு கலர், அது சீக்கிரம் காயும், கத்தி வேலை அதுக்கு மேலதான். வார்னிஷ் கேட்டா கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சுதான்.

இன்னிக்கு ஸ்டாண்ட்ல ஒரு மலை நிக்குது. இடது சரிவுல ஒரே இடத்துல நாலு தடவை இழுத்துட்டேன், தெரியுது. இன்னும் ஈரம்தான், காலைல முதல் வேலையா அதை வழிச்சிடணும்.