"நாலு வருசம் படிச்சது இதுக்குத்தானா?": ஜெர்மன் வார்டில் மதுரை நர்ஸ்கள்

ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்த முதல் மாதம் மதுரைப் பக்கத்து நர்ஸ்கள் வீட்டுக்குப் பேசும்போது அடிக்கடி வருகிற பேச்சு இது: "அம்மா, இங்க பேஷன்டை நாமதாம்மா குளிப்பாட்டி விடணும்." உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கிற அம்மா உடனே கேட்பார்: "நாலு வருசம் படிச்சது இதுக்குத்தானா?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே முதல் வருடத்தை அழுது கழிக்கிறவர்கள் உண்டு. குளிரும் சாப்பாடும் பழகிவிடும். இந்தக் கேள்வி மட்டும் ஆளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

பெரியாஸ்பத்திரி வார்டை நினைத்துப் பாருங்கள். கட்டிலடியில் பாயை விரித்து நோயாளியின் மனைவியோ மகளோ படுத்திருப்பார். முகம் துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர் பாடு. பெட்பேனுக்கு ஆயாம்மா. சிஸ்டருக்கு ஊசி, டிரிப், கேஸ் ஷீட், ரவுண்ட்ஸ். ஜெர்மன் வார்டில் துணைக்கு ஆள் தங்குவது அபூர்வம். உறவினர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நோயாளியின் உடம்பு முழுக்க நர்ஸ் பொறுப்பு. அதே சமயம், ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கேனுலா (டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்) போட்ட கைக்கு, "அது டாக்டர் வேலை, நீங்கள் தொட வேண்டாம்" என்ற பதில் பல மருத்துவமனைகளில் கிடைக்கும். தெரிந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு தெரியாத வேலையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தோன்றத்தான் செய்யும்.

அங்கே நர்ஸ் என்றால் யார் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் செவிலியர் தொழில் சட்டம் சில வேலைகளைத் தகுதி பெற்ற நர்ஸுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது: இந்த மனிதருக்கு என்ன பராமரிப்பு தேவை என்று கண்டறிவது, அதைத் திட்டமிட்டு நடத்துவது, பலன் தந்ததா என்று மதிப்பிட்டுத் தரம் காப்பது. இந்த மூன்றையும் உதவியாளரிடம் ஒப்படைக்க முடியாது. அந்தக் கண்டறிதல் நடக்கிற இடம்தான் காலைக் குளியல்.

அதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். முதலில் கைக்குக் கிருமிநாசினி, முழுசாக 30 விநாடி. ஜன்னலைச் சாத்தி, கட்டிலின் பிரேக்கைப் போட்டு, உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கட்டிலை உயர்த்துங்கள்; இதை விட்டால் ஆறு மாதத்தில் முதுகு போய்விடும். மேலுடம்புக்கு ஒரு துடைக்கும் துணி, ஒரு டவல். கீழுடம்புக்குத் தனியாக வேறு. முகத்துக்கு வெறும் தண்ணீர். சோப்பு வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். கண்ணைத் துடைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்ப் பாடத்தில் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக. ஜெர்மனியில் பல இடங்களில் வெளியோரத்திலிருந்து மூக்குப் பக்கமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எது சரி என்று வாதாடாமல், உங்கள் வார்டின் எழுத்து விதியைக் கேட்டு அதன்படி செய்யுங்கள்.

துடைக்கிற கை துடைத்துக்கொண்டிருக்க, கண் வேறு வேலை பார்க்க வேண்டும். வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு ஆகிய இடங்களில் சிவப்பு தெரிகிறதா? விரலால் அழுத்தி எடுங்கள்; வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டி என்ற சந்தேகம் வர வேண்டும், டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டும். பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறாரா? நேற்று துணியைப் பிடித்த இடது கை இன்றைக்குப் பிடிக்கிறதா? நம்ம ஊரில் இதையெல்லாம் பாயில் படுத்திருக்கிற மனைவி கவனித்து, "சிஸ்டர், நேத்துலருந்து ஒரு மாதிரியா இருக்காரு" என்று ஓடிவருவார். அங்கே அந்த மனைவியின் கண்ணும் உங்கள் கண்தான்.

இந்த வேலையில் தமிழ் நர்ஸ்கள் சறுக்குகிற இடமும் ஒன்று உண்டு. பெரியவர் சிரமப்படக் கூடாது என்று பாசத்தில் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுகிறார்கள். அங்கே அது குறை. அவரால் முகம் துடைக்க முடியுமென்றால் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், பத்து நிமிடம் ஆனாலும். நாமே செய்துவிட்டால் இரண்டு வாரத்தில் அந்தக் கை தன் வேலையை மறந்துவிடும். முடித்ததும் கட்டிலைத் தாழ்த்தி, அழைப்பு மணியை எட்டும் தூரத்தில் வைத்து, பார்த்ததை எழுத வேண்டும். கட்டிலைத் தாழ்த்த மறப்பது சின்ன விஷயமாகத் தெரியும். தேர்வில் அது நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தப்பு.

தேர்வு என்றதும் தொழில் அங்கீகாரத்துக்கு, அதாவது நம் ஊர் நர்ஸ் படிப்பை அங்கே ஏற்றுக்கொள்வதற்கு, வந்துவிடலாம். அதை அங்கே 'அனெர்கென்னுங்' என்பார்கள். அது கிடைக்கும்வரை நீங்கள் உதவியாளர் நிலையில்தான், சம்பளமும் அப்படித்தான். கிடைக்கிற சான்றிதழ் 'ஊர்குண்டே'. வேலையில் நிறைவு வருவதற்கும் இந்தக் காகிதத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதற்கான பாதி வேலை மதுரையில் இருக்கும்போதே முடிய வேண்டியது.

கல்லூரியில் மார்க் ஷீட் மட்டும் வாங்கிக்கொண்டு போனால் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு எத்தனை மணி நேரம், வார்டு பயிற்சி எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாக, லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு வேண்டும். அங்கே உட்கார்ந்து ஒப்பிடுகிற அதிகாரி பார்ப்பது இந்த மணிக்கணக்கைத்தான். முதியோர் பராமரிப்பு, மறுவாழ்வு ஆகிய இரண்டும் நம் பாடத்திட்டத்தில் மெலிந்து தெரியும். செய்த பயிற்சியாவது எழுத்தில் வர வேண்டும். தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவுச் சான்று நடப்பில் இருக்க வேண்டும். அடுத்தது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், டிகிரியில் வெறும் 'மு.' என்று இருக்கும். ஜெர்மன் அலுவலகத்துக்கு அது இரண்டு ஆள். கிளம்புவதற்கு முன்பே சரிசெய்யுங்கள், அங்கே போய்ச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். இன்னொன்று: சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்காகப் போடுகிற இந்திய அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை, இரு நாட்டுக்கும் இடையில் அந்த ஒப்பந்தம் நடப்பில் இல்லை. விண்ணப்பம் போகிற ஜெர்மன் மாநில அலுவலகம் எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் ஏஜென்ட் சொன்னார் என்று அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

அனுபவச் சான்றிதழ் ஒரு வரியில் இருந்தால் அதனால் பயனில்லை. எந்த வார்டு, எத்தனை படுக்கை, வாரம் எத்தனை மணி நேரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று கேட்டு வாங்குங்கள். ஊதிய ஒப்பந்தப்படி சம்பளம் கொடுக்கும் மருத்துவமனைகளில் அனுபவ வருடத்தைப் பொறுத்துப் படிநிலை உண்டு. மதுரையில் பார்த்த வருடங்களைச் சேர்ப்பார்களா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு கேட்டுப் பெறுவது கடினம்.

விண்ணப்பத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒரு கடிதம் வரும், உங்கள் படிப்பில் எங்கெங்கே குறைவு என்ற பட்டியலோடு. அதைப் பார்த்து ஃபெயில் ஆகிவிட்டதாக அழ வேண்டாம். குறையை ஈடுகட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, வார்டிலேயே பல மாதம் நடக்கும் தகவமைப்புப் பயிற்சி. கடைசியில் ஒரு உரையாடலோடு முடியும். மற்றது அறிவுத் தேர்வு: வாய்மொழிப் பகுதி 45 முதல் 60 நிமிடம், செய்முறையில் இரண்டு முதல் நான்கு பராமரிப்புச் சூழல்கள், ஒவ்வொன்றும் 120 நிமிடத்துக்கு மேல் போகாது. தவறினால் ஒவ்வொரு பகுதியையும் ஒருமுறை மட்டும் திரும்ப எழுதலாம். தேர்வு சீக்கிரம் முடியும் என்பதற்காக எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். ஜெர்மன் நன்றாக வருகிறவர்களுக்கு அது சரி. கல்யாணம், குழந்தை என்று வார்டை விட்டு வருடக்கணக்காக விலகியிருந்தவர்களுக்குப் பயிற்சிதான் நல்லது என்பது எங்கள் திடமான கருத்து. கை பழகப் பழக மொழியும் கூடவே வரும்.

மொழியைப் பற்றி எல்லோரும் பி1, பி2 என்று ஜெர்மன் மொழித் தேர்வின் நிலைகளைப் பேசுகிறார்கள். ஊர்குண்டேவுக்குப் பொதுவாக பி2 வேண்டும், சில மாநிலங்களில் தொழில்மொழித் தேர்வு தனி. மதுரையில் வகுப்பு கிடைக்கும். கோத்தே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் தேர்வுக்குச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போவார்கள். ஆனால் வார்டில் ஆளைத் தடுமாற வைப்பது எண்கள். நாம் 'முப்பத்தைந்து' என்று பத்தை முன்னால் சொல்லுவோம். ஜெர்மனில் 'ஃபுன்ஃப் உண்ட் டிரைசிஷ்', ஐந்தும் முப்பதும். 135 என்று போனில் கேட்ட ரத்த அழுத்தத்தை 153 என்று எழுதிவிடுவது இப்படித்தான். ஒரே மருந்து: கேட்ட எண்ணை ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்பது. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், பாராட்டுவார்கள்.

இதைவிட ஆபத்தானது 'யா, யா'. புரியாவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவது நம் வளர்ப்பு, பெரிய டாக்டரிடம் "என்ன சொன்னீங்க?" என்று மறுபடி கேட்பது நமக்கு அதிகப்பிரசங்கித்தனம். அங்கே கேட்காமல் இருப்பதுதான் அலட்சியம். போதாக்குறைக்கு, நாம் பக்கவாட்டில் தலையாட்டிச் சொல்கிற 'ஆமா' அவர்களுக்கு 'இல்லை' மாதிரி தெரியும். வாயால் சொல்லுங்கள். "எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள்" என்ற வாக்கியத்தை முதல் வாரமே மனப்பாடம் செய்யுங்கள். அதேபோல, "இது தப்பு" என்று சக நர்ஸ் முகத்துக்கு நேராகச் சொன்னால் அந்த வேலையைப் பற்றி மட்டும்தான் சொல்கிறார். மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அவருக்குக் காரணமே புரியாது.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகை அடகில் இருக்கும், சீட்டுக் கட்ட வேண்டும், தம்பி ஃபீஸ் இருக்கும். லீவு நாளில் "ஒரு ஷிஃப்ட் வர முடியுமா?" என்று வார்டிலிருந்து போன் வந்தால் கை தானாக யூனிபார்மை எடுக்கும். மாதத்தில் ஒன்றிரண்டு சரி. வாராவாரம் போனால் தேர்வுக்குப் படிக்க நேரம் இருக்காது; ஊர்குண்டே ஆறு மாதம் தள்ளிப்போனால் உதவியாளர் சம்பளமும் ஆறு மாதம் நீளும். கூடுதல் ஷிஃப்ட்டில் வந்தது அதிலேயே போய்விடும். இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு சட்டப்படி உண்டு. மருத்துவமனைகள் அதை 10 ஆகக் குறைத்தால் பிறகு ஈடுகட்ட வேண்டும். முடியாது என்று தன்மையாகச் சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒப்பந்தத்தில், முன்கூட்டியே வேலையை விட்டால் இவ்வளவு பணம் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். வார்டின் பெயரும் எழுத்தில் வேண்டும். ஐசியு அனுபவம் உள்ளவருக்கு "மருத்துவமனை" என்று மட்டும் சொல்லிவிட்டு முதியோர் இல்லத்தில் இறக்கிவிடுவது நடக்கிறது.

ஊர்குண்டே வந்த தேதியிலிருந்து சம்பளத்தை மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பிறகு மூச்சு விட்டுக்கொண்டு அடுத்ததை யோசிக்கலாம். தீவிர சிகிச்சையிலும் மயக்கவியலிலும் சிறப்புப் பயிற்சி இரண்டு வருடம், வேலை பார்த்துக்கொண்டே. ஒரு வருட அனுபவத்துக்குப் பிறகு 300 மணி நேரப் படிப்பில் 'ப்ராக்ஸிஸ் அன்லைட்டர்', அதாவது வார்டில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் ஆகலாம். அதன்பின் வருடத்துக்கு 24 மணி நேரம் புதுப்பித்தல். நாங்கள் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். திருமங்கலத்திலிருந்து வந்து நிற்கிற பெண் ஏன் தலையாட்டுகிறாள் என்று புரிகிற ஆள் வார்டில் இருந்தால், அவளுடைய முதல் வருடம் வேறு மாதிரி இருக்கும். திறன்பணியாளருக்கான குடியிருப்பு அனுமதியில் மூன்று வருடமும் 36 மாத ஓய்வூதியச் சந்தாவும் முடிந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு.

முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஒரே மனிதரை வருடக்கணக்கில் பார்ப்பீர்கள். மறதி நோய் வந்தவர்களுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது அங்கே வேலையின் ஒரு பகுதி: என்ன தொழில் செய்தார், காலையில் காபியா டீயா, எந்தப் பாட்டு, எதற்குப் பயம். இரவில் எழுந்து கதவை ஆட்டுகிற பெரியவர் பேக்கரிக்காரராக இருந்தவர் என்று குறிப்பில் இருந்தால், அவர் மூன்று மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார் என்பது விளங்கும். தூக்க மாத்திரையைத் தேடுவதற்கு முன் ஒரு கப் காபி கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து "இன்றைக்கு எத்தனை ரொட்டி?" என்று கேட்டுப் பார்க்கலாம். அப்படி உட்கார்ந்த பத்து நிமிடத்தையும், அவர் எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதையும் அன்றைய பதிவில் எழுதுங்கள். காலை ஷிஃப்டுக்கு வருகிறவர் அதைத்தான் முதலில் படிப்பார்.