டாக்டர் ஓட்டிய ஆடி

பத்து வயது தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதனால் எட்டு, ஒன்பது வருடம் ஓடிய சொகுசு கார்களை அங்கே மலிவாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் ஏமாந்தேன்.

டெல்லி வியாபாரி ஒருவர் வீடியோ காலில் காட்டிய ஆடி (Audi) கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. மீட்டரில் 48,000 கி.மீ. டாக்டர் ஓட்டிய வண்டி என்றார் வியாபாரி. (எல்லாப் பழைய காரையும் ஒரு டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார், கவனித்தீர்களா?) முழுப் பணத்தையும் அனுப்பினேன். லாரியில் கோவைக்கு வந்து இறங்கியது.

மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். அடியில் காய்ந்த சேற்றுக் கறை. ஸ்டெப்னியைத் தூக்கினால் கீழே துரு. "தம்பி, இது தண்ணியில முங்குன வண்டி" என்றார். சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் கணக்கைப் பார்த்தால், மூன்று வருடம் முன்பே 1,12,000 கி.மீ.

அப்புறம் ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று. பழைய கடன் அதில் இன்னும் நிற்கிறது. அதை நீக்காமல், அல்லது கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல், டெல்லியில் தடையில்லாச் சான்று வாங்க முடியாது, அது இல்லாமல் இங்கே டிஎன் நம்பர் கிடையாது. வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் ஒரு தட்டு தட்டியிருந்தாலே தெரிந்திருக்கும். வியாபாரியின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

வண்டி வாசலில் நிற்கிறது. அதன்மேல் வடகம் காயப்போடலாமா என்று அம்மா கேட்கிறார்.