பண்டத்தரிப்பில் ஒரு ஜெப வேளை

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒன்பது பேர் புறப்பட்டோம். ஐந்து மாதம் காணிக்கை சேர்த்து, வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்து ஜெபித்த பிறகு வாய்த்த ஊழியப் பயணம். காட்பாடியில் ரயில் ஏறி, சென்னையிலிருந்து சிறிய விமானத்தில் இலங்கையின் யாழ்ப்பாணத்திலுள்ள பலாலியில் இறங்கினோம். வெளிநாட்டுக்கு வந்திருக்கிறோம் என்றே தோன்றவில்லை. வழியெல்லாம் பனை, பலகைகளில் தமிழ், எங்கள் பாலாற்றங்கரையில் அடிக்கும் அதே வெயில்.

மற்றவர்கள் ஊழியத்துக்காக வந்தார்கள். எனக்கு அது திருயாத்திரையாகவும் இருந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் பெயரைக் கேட்காமல் யாரும் வளர முடியாது. 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு அவர் தொடங்கிய பணிதான் இன்று சிஎம்சி என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக நிற்கிறது. அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் அமெரிக்காவில் தம் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டுக் கப்பலேறி, 1819இல் வந்து சேர்ந்த இடம் யாழ்ப்பாணம். பண்டத்தரிப்பில்தான் அவர் நோயாளிகளைப் பார்த்தார், பிரசங்கித்தார். 1836இல்தான் சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்கள் 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். பேத்தி ஐடா 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். எங்கள் ஊர் ஆலமரத்தின் விதை அந்தப் பனங்காட்டு மண்ணிலிருந்து வந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். அந்த மண்ணை ஒருமுறை கையால் தொட வேண்டும் என்பது என் நெடுநாள் விண்ணப்பம். தொட்டேன்.

அன்று மாலை ஒரு வீட்டு முற்றத்தில் சுகமளிக்கும் ஜெபம் நடந்தது. ஏறக்குறைய நாற்பது பேர் இருப்பார்கள். ஒலிபெருக்கி இல்லை, மேளம் இல்லை. நோயுற்றவர் சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்று யாக்கோபு எழுதியபடி, அவ்வூர்ப் போதகர் சிறிய குப்பியைத் திறந்தார். எங்களை இருவர் இருவராகப் பிரித்து அமர்த்தினார்கள்.

என் முன்னால் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். வலது தோளை உயர்த்த முடியவில்லை என்று அவருடைய மகள் சொன்னார். நான் தோளில் கை வைக்கப் போனேன். அந்த அம்மா மெல்ல என் கையை விலக்கினார்.

"தோள் கிடக்கட்டும், பிள்ளை. எனக்கு நித்திரை வேண்டும்."

2009இல், போரின் கடைசி மாதங்களில், அவருடைய மகன் காணாமல் போயிருக்கிறார். அன்று முதல் இரவில் சரியான உறக்கம் இல்லை. வாசலில் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறாராம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனம் ஒன்றும் எனக்கு வரவில்லை. அவர் நெற்றியில் எண்ணெய் பூசினேன். "இயேசுவே, இந்த அம்மாவுக்கு நித்திரை கொடும்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன். அவர் தம் இடது கையை என் தலைமேல் வைத்து, "உங்களுக்கு என்ன வருத்தம், பிள்ளை?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். எங்கள் ஊரில் அது மனத்துயரம். எந்தப் பொருளில் பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே என்னிடம் இருந்தன.

சர்க்கரை நோயுள்ள ஓர் இளைஞர், ஜெபித்தாயிற்றே, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா, "தம்பி, மாத்திரையும் கர்த்தர் தந்ததுதான். ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு என் அப்பாவின் அறுவைச் சிகிச்சை நினைவுக்கு வந்தது. கத்தியை எடுப்பதற்கு முன் அந்த வேலூர் மருத்துவர் அப்பாவின் கையைப் பிடித்துக் கண்களை மூடினார். ஜெபமும் மருந்தும் ஒரே கையிலிருந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

மறுநாள் மானிப்பாய்க்குப் போனோம். 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, தமிழிலேயே மருத்துவ நூல்களை உருவாக்கிய ஊர் அது. அவர் பெயர் தாங்கிய மருத்துவமனையின் வாசலில் நின்று நன்றி சொல்லி ஜெபித்தோம்.

திரும்பி வந்தபோது அந்த அம்மாவின் மகள் எங்களுக்காகக் காத்திருந்தார். "அம்மா விடியும்வரை எழும்பவே இல்லை" என்றார். சொல்லும்போதே அவருக்குத் தொண்டை அடைத்தது. நாங்கள் அங்கே இருந்த அடுத்த இரண்டு இரவும் அவர் உறங்கினார். தோள் முன்பு இருந்தபடியே இருந்தது. சபைக்குக் கொடுக்கும் அறிக்கையில் இதைச் 'சுகம்' என்று எழுதலாமா என்று எங்களில் சிலர் தயங்கினார்கள். நான் எழுதினேன். பல ஆண்டுகளாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் மூடியதைவிடப் பெரிய சுகத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் சிஎம்சி வளாகத்து ஆலயத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு வங்காளத் தாய், மடியில் நோயாளிக் குழந்தையின் கோப்பு. அவருடைய மொழி எனக்குத் தெரியாது. கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டார்.

நேற்று இரவு பத்து மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மகள் மிகத் தாழ்ந்த குரலில் பேசினார். கொஞ்சம் உரக்கப் பேசுங்கள், கேட்கவில்லை என்றேன்.

"இல்லை அக்கா, அம்மா நித்திரை" என்றார்.