கண்ணாடியில் ஒரு கார்த்திகைப்பூ: மூன்றாவது மாதம்

கிளிநொச்சியில் எங்கள் வளவு வேலியில் கார்த்திகை மழையோடு படர்ந்த கொடி, தை பிறக்க முன்னமே காய்ந்துவிட்டது. அதற்கு முன் ஒரு பூவைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அடிமட்டம் வைத்து அளந்து கொப்பியில் வரைந்து வைத்திருந்தேன். மார்கழியில் கண்ணாடி வேலை தொடங்கியது. இப்போது மாசி முடிகிறது. ஆறு இதழில் நான்கு தேறியிருக்கின்றன.

இந்த ஆசையை மூட்டியவர்கள் லியோபோல்ட் பிளாஷ்கா, ருடோல்ஃப் பிளாஷ்கா என்ற அப்பாவும் மகனும். ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கத்தில் இருந்துகொண்டு 1887 முதல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் படிப்புக்காகக் கண்ணாடிச் செடிகள் செய்தார்கள். 1895இல் அப்பா இறந்த பிறகும் மகன் தனியே 1936 வரை செய்தார். கண்ணாடிப் பூ என்று பெயர்தான். உள்ளே கம்பி, பசை, வர்ணம் எல்லாம் உண்டு. அதை அறிந்த பிறகே எனக்குத் துணிவு வந்தது.

நிறக் கண்ணாடிக்கு அக்காவின் உடைந்த காப்புகள் ஒரு டின் நிறைய இருந்தன. பத்தர் ஐயா ஒருவர் மாலையில் தன் பட்டறையையும் காஸ் டோர்ச்சையும் தருகிறார். முதல் நாள் துண்டை நேரே நெருப்புக்குள் நீட்டினேன், படீரென்று தெறித்தது. "முதல் நுனி நெருப்பில காட்டு பிள்ளை, பிறகு மெல்ல மெல்ல உள்ளுக்குக் கொண்டு போ" என்றார். அப்படிச் செய்தால் கண்ணாடியிலுள்ள சோடியத்தால் சுவாலை மஞ்சளாகும், துண்டு தேன்போல் இளகும். இரும்புத் தகட்டில் தட்டையாக்கி, ஓரத்தை அரிசி மணி இடைவெளியில் சாவணத்தால் கிள்ளிக் கிள்ளி விட்டால் இதழின் அலை வந்துவிடும்.

ஒட்டுவதுதான் பாடுபடுத்தியது. முதல் இதழுக்குள் செப்புக் கம்பி வைத்தேன். இரவு "டிக்" என்றொரு சத்தம். காலையில் இரண்டாகக் கிடந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 500 பாகை ஆறும்போது 10 செ.மீ. செம்பு ஏறக்குறைய 0.85 மி.மீ. சுருங்கும், சாதாரணக் கண்ணாடி 0.45 மி.மீ. தான். இதழ் எப்படித் தாங்கும்?

காப்புக்குக் காப்பும் இப்படித்தான் பேதம். மஞ்சளையும் சிவப்பையும் பக்கம் பக்கமாக உருக்கி ஒட்டி, நூலாக இழுத்து ஆற விடுகிறேன். நூல் நேராக நின்றால் இரண்டும் ஒத்துப்போகும். வளைந்தால், உள்வளைவில் இருப்பது கூடச் சுருங்குகிறது. டின்னில் இருந்த ஏழு சோடியில் இரண்டுதான் நேராக நின்றன.

ஆற வைக்கச் சூடான உமிச்சாம்பல் நிரம்பிய சட்டி. சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆறிய இதழை மடிக்கணினியின் வெள்ளைத் திரைக்கு முன் பிடித்து, பழைய கல்குலேட்டரில் இருந்து உரித்த முனைவாக்கத் தாள் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) வழியே பார்க்கிறேன். தாளைத் திருப்பத் திருப்பத் திரை இருண்டுவிடும். இழுவிசை மிஞ்சிய இடம் மட்டும் அந்த இருட்டில் வெளிறித் தெரியும். மூன்றாவது இதழின் அடியில் அப்படியொரு வெளிச்சத்தைக் கண்டு திரும்பச் சூடாக்கினேன். அது தப்பியது.

கம்பிக்கும் வழி கிடைத்தது. எரிந்துபோன பழைய குண்டு பல்பில், கண்ணாடிக்குள் புதைந்திருக்கும் சிறு கம்பி பார்க்கச் செம்புதான். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் ஒட்டுகிறது! உள்ளே இரும்பு நிக்கல் கலவை, மேலே செம்புத் தோல். கண்ணாடியோடு சேர்ந்து சுருங்கவென்றே செய்த கம்பி. நகத்தளவுத் துண்டுதான், ஆனாலும் இதழின் அடியில் உருக்கிப் பதிக்க அது போதும். மிச்சத்தைக் காம்போடு கட்டிப் பசை போடுகிறேன்.

பூவின் ஆண் பாகமான கேசரங்கள் ஆறும் கண்ணாடி நூல், அவற்றின் நுனியிலுள்ள மகரந்தப் பைகள் தேன்மெழுகு. சூலகத்தின் மேலிருந்து நீளும் தண்டான தம்பத்தில்தான் இப்போது நிற்கிறேன். கார்த்திகைப்பூவில் அது சூலகத்தை விட்ட உடனேயே செங்கோணமாகப் பக்கத்துக்குத் திரும்பிவிடும். நான் வளைக்கும்போதெல்லாம் மூலையில் கண்ணாடி மெலிந்து போகிறது. நாளைக்கு அந்த இடத்தை முதலே தடிப்பாக்கிவிட்டு வளைத்துப் பார்க்கப் போகிறேன்.