பெல்ட்டைத் தொலைத்துவிட்டு பவேரியாவில்

விமானம் மாறிய இடத்தில் பாதுகாப்புச் சோதனைக்காகக் கழற்றிய பெல்ட்டைத் திரும்ப எடுக்காமலே அடுத்த விமானத்தில் ஏறிவிட்டேன். மடிக்கணினி, கைப்பேசி, சில்லறை, ஷூ எல்லாம் ஞாபகமாக எடுத்திருக்கிறேன். தெற்கு ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தின் தலைநகரான மியூனிக்கில் இறங்கி ரயில் நிலையப் படிகளில் பெட்டியைத் தூக்கியபோதுதான் ஜீன்ஸ் தன் போக்கில் இறங்க ஆரம்பித்தது. ஐந்து கிலோ எடை குறைவதற்கு முன்னால் வாங்கிய ஜீன்ஸ்.

ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் இடுப்பு என்று நடக்கிறவன் எதிரே வருகிறவர்களின் முகத்தையா பார்ப்பான்? அவர்களுடைய கால்சட்டை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றுதான் பார்ப்பான். மரியன்பிளாட்ஸ் பக்கம் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து வயதுப் பையனுக்கான தோல் டவுசர் ஒன்று தொங்கியது. அதுதான் லேடர்ஹோசன். தோளில் ஏறி இறங்கும் இரண்டு தோல் வார்கள், மார்புக்குக் குறுக்கே அவற்றை இணைக்கும் ஒரு பட்டை. முன்னாலிருந்து பார்த்தால் ஆங்கில 'எச்' எழுத்து. இந்தத் தோள்வாருக்கு ஜெர்மனில் ஹோசன்ட்ரேகர் என்று பெயர். கால்சட்டை தூக்கி, அவ்வளவுதான் அர்த்தம்.

உள்ளே போனேன். விற்பனைப் பெண்மணி நான் இடுப்பைப் பிடித்திருந்ததைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி பேசினார். நல்லது மான் தோல். மீன் எண்ணெய் ஊட்டிப் பதப்படுத்துவார்கள், அதனால் துணி மாதிரி மெத்தென்று இருக்கும். பெரியவர்களுக்கானது ஆயிரம் யூரோவைத் தாண்டும் என்றதும் தடவிப் பார்த்த கையை எடுத்துக்கொண்டேன். ஆனால் அதன் கட்டமைப்பை விளக்கச் சொல்லிக் கேட்டேன். வார்கள் முன்னும் பின்னும் பொத்தானில் மாட்டுகின்றன. மார்புப் பட்டை அலங்காரம் மட்டுமல்ல. பையன் மரம் ஏறும்போது வார்கள் தோளிலிருந்து நழுவாமல் அதுதான் இழுத்துப் பிடிக்கிறது. முன்பக்கம் கதவு மாதிரி ஒரு மடிப்பு. தோள்வாரைக் கழற்றாமலே அதை மட்டும் திறந்து ஒண்ணுக்குப் போகலாம். பின் இடுப்பில் ஒரு பிளவு, அதைத் தோல் நாடாவால் கட்டியிருக்கிறார்கள். வயிறு பெருக்கப் பெருக்க நாடாவைத் தளர்த்தலாம். இந்த நாடாவைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் குடும்பஸ்தராகத்தான் இருக்க வேண்டும்.

ஏன் தோளிலிருந்து தொங்கவிட வேண்டும்? சிறு பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும். அவர்களுக்கு இடுப்பே கிடையாது. மார்புக்குக் கீழே நேராக வயிறு, வயிற்றுக்குக் கீழே நேராகக் கால். பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிற்பதற்கு ஒரு மேடு வேண்டுமே. நம் ஊரில் நாங்கள் பொத்தான் அறுந்த டவுசரை அரைஞாண் கயிற்றுக்கு அடியில் சொருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தோம். அந்தக் கயிறு எப்படி நின்றது என்று அன்றைக்கு யோசித்ததே இல்லை.

சரி, நானும் தோள்வாரே போட்டுப் பார்க்கலாமென்று மலிவுக் கடை ஒன்றில் கிளிப் வைத்த ஜோடி ஒன்று வாங்கினேன். மறுநாள் காலை பைரிஷ்செல் என்ற மலை ஊருக்குப் போகும் ரயிலில், ஷ்லியர்சே ஏரி வந்ததும் படமெடுக்க எட்டினேன். பின் கிளிப் 'டப்' என்று தெறித்து என் காதுக்குப் பக்கமாக வந்து விழுந்தது. எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கிளிப்பை நம்பக் கூடாது. பொத்தான்தான் நிற்கும்" என்றார். எழுபதைத் தாண்டியவர். அப்புறம் அவருடைய குழந்தைப் பருவ இடுப்புக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டே போனேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், பள்ளி செல்லும் வயதுக்கு முன்பு, அவர் போட்டுக்கொண்டது லைப்ஷென் என்ற கையில்லாத உள்சட்டை. தடித்த பருத்தித் துணி, சுற்றிலும் பொத்தான்கள். டவுசரின் மேல் விளிம்பில் இருக்கும் காஜாக்களை அந்தப் பொத்தான்களில் மாட்ட வேண்டும். போதாததற்கு, லைப்ஷெனின் கீழிருந்து ரப்பர் நாடாக்கள் தொங்கும். குளிர்காலத்தில் தொடைவரை ஏறும் கம்பளிக் காலுறையை அந்த நாடாக்கள் பிடித்துக்கொள்ளும். காலுறை முடியும் இடத்துக்கும் டவுசர் தொடங்கும் இடத்துக்கும் நடுவே நாலு விரல் வெறும் தொடை. அங்கே குளிரும், மற்ற இடமெல்லாம் அரிக்கும். அவருடைய லைப்ஷெனுக்குப் பொத்தான்கள் முதுகுப் பக்கம். "அம்மா இல்லாமல் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது" என்றார். அறுபதுகளில் முழுக்கால் உள்ளாடையாக ஷ்ட்ரும்ப்ஹோசன் வந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு விடுதலை.

கால்சட்டையை மேல்சட்டையோடு பொத்தான் போட்டு இணைப்பது பழைய வழக்கம்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய வசதியான வீடுகளில், கவுனிலிருந்து கால்சட்டைக்கு மாறும் சிறுவனுக்கு அப்படித்தான் உடை தைத்தார்கள். ரப்பர் இழை அப்போது இல்லை. 1820-இல்தான் தாமஸ் ஹேன்காக் என்ற ஆங்கிலேயர் கையுறைக்கும் தோள்வாருக்கும் ரப்பர் பட்டை வைக்கக் காப்புரிமை வாங்கினார். ஜெர்மனியில் நாடா நெசவுக்குப் பேர்போனது பார்மன். இன்று வுப்பர்டால் நகரத்தின் பகுதி. அங்கே இந்த முறை போக முடியவில்லை.

பைரிஷ்செல் ரயில் பாதை முடியும் ஊர். தலைக்கு மேலே 1838 மீட்டர் உயரத்தில் வெண்டல்ஸ்டைன் மலை. தேவாலயம், சில வீடுகள், பசுக்களின் கழுத்து மணி. லேடர்ஹோசன் தொன்றுதொட்டு வரும் உடை என்று நினைத்துக்கொண்டு இங்கே வந்தவனுக்குச் சின்ன அதிர்ச்சி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைக்காரர்களே அதைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர் ஆசிரியர் யோசெப் ஃபோகல் நண்பர்களோடு சேர்ந்து 1883-இல் பாரம்பரிய உடைக்காக முதல் சங்கத்தை ஆரம்பித்தார். முழங்கால் தெரியும் டவுசரா என்று திருச்சபைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்குக்கு மலை உடை பிடித்திருந்தது, அப்புறம் என்ன? நாம் இன்று பார்க்கும் பூவேலை செய்த மார்புப் பட்டைகளில் பெரும்பாலானவை அந்த உற்சாகம் கொண்டுவந்தவை.

திரும்பும் ரயிலிலும் பெரியவர் சொன்ன முதுகுப் பொத்தான்தான் மனதில் ஓடியது. இந்த வார், பொத்தான், பெல்ட் எல்லாம் பையன் யாருடைய கையில் இருக்கிறான் என்பதைச் சொல்கின்றன. லைப்ஷென் அம்மாவின் கை. தோள்வார் வந்தால் அவனே மாட்டிக்கொள்ளலாம். அப்புறம் பெல்ட். 1901-இல் பெர்லினுக்குப் பக்கத்தில் ஷ்டெக்லிட்ஸில் தொடங்கிய வாண்டர்ஃபோகல் இயக்கத்துப் பையன்கள், அரை டவுசரோடு காடு மலை சுற்றக் கிளம்பியது வீட்டையும் வகுப்பறையையும் விட்டு வெளியே வரத்தான். முப்பதுகளில் ஹிட்லர் இளைஞர் படை அந்த அரை டவுசரை எடுத்துக்கொண்டது. கறுப்புத் தோல் பெல்ட்டைக் கட்டிவிட்டது. பெல்ட் கொக்கியில் 'ரத்தமும் மானமும்' என்று பொறித்திருக்கும். 1939-இல் அந்தப் படையில் சேர்வது கட்டாயமானது. அதற்கு முந்தைய ஆண்டு சால்ஸ்பர்க்கில், ஆஸ்திரியா நாஜிகளின் கைக்குப் போன கையோடு, யூதர்கள் லேடர்ஹோசன் அணியக் கூடாதென்று காவல்துறை ஆணை போட்டது. ஒரு டவுசருக்குத் தடை!

போருக்குப் பின் லேடர்ஹோசன் மலையை விட்டு இறங்கி ஜெர்மனி முழுவதற்கும் பையன்களின் சீருடை மாதிரி ஆகிவிட்டது. காரணம் சுலபம். கிழியாது, துவைக்க வேண்டாம். இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் போதும், தம்பி வரைக்கும் வரும். பெரியவரும் பள்ளியில் சேர்ந்ததும் அதற்கு மாறியிருக்கிறார். மார்புப் பட்டையில் வெள்ளையாக ஒரு மான் படம். எண்ணெயும் மண்ணும் ஏறி டவுசர் பளபளவென்று கறுத்துவிடுமாம். கழற்றி வைத்தால் தானே நிற்கும் என்றார். புது டவுசர் போட்டு வந்தவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்களாம், அழுக்குக்குத்தான் மரியாதை.

அதை ஓட்டிவிட்டது ஜீன்ஸ். அமெரிக்கப் படைவீரர்களைப் பார்த்துப் பழகிய ஜெர்மன் பையன்கள் எழுபதுகளுக்குள் தோல் டவுசரைத் தம்பிக்குக்கூட கொடுக்காமல் பரணில் போட்டுவிட்டார்கள். அதனால்தான் கடைசி நாளை புட்டன்ஹைமுக்கு ஒதுக்கினேன். நியூரம்பெர்க்கிலிருந்து பாம்பெர்க் போகும் ரயில் பாதையில், பீருக்குப் பேர்போன சின்ன ஊர். ஜீன்ஸுக்குப் பேர்போன லெவி ஸ்ட்ராஸ் 1829-இல் பிறந்த மரச்சட்ட வீடு இங்கேதான் அருங்காட்சியகமாக இருக்கிறது.

பிறந்தபோது அவர் பெயர் லோப். அப்பா ஹிர்ஷ் தலைச்சுமை வியாபாரி. ஹிர்ஷ் என்றால் மான். லேடர்ஹோசன் கதையில் இங்கேயும் ஒரு மான் வந்து நிற்கிறது. பவேரியாவில் யூதர்கள் குடியேறவும் கல்யாணம் செய்யவும்கூட கட்டுப்பாடு இருந்த காலம். அப்பா இறந்தபின் 1847-இல் அம்மாவோடும் சகோதரிகளோடும் அமெரிக்கா கிளம்பினார். 1873-இல் தையல்காரர் ஜேக்கப் டேவிஸோடு சேர்ந்து, பை மூலையில் செப்பு ஆணி அடித்த கால்சட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் கால்சட்டையில் பெல்ட் வளையம் கிடையாது. தோள்வார் மாட்டப் பொத்தான்தான் இருந்தது. வளையங்கள் 1922-இல் வந்தன. அப்போது லெவி இறந்து 20 ஆண்டுகள். தன் பெயர் போட்ட ஜீன்ஸில் பெல்ட் போடுவார்கள் என்பதே அந்த மனிதருக்குத் தெரிந்திருக்காது.

அந்த வீட்டுக்குள் நின்று என் ஜீன்ஸைத் தடவிப் பார்த்தேன். ஐந்து வளையங்கள், ஐந்தும் காலி. பின்னால் இரண்டு வளையங்களை ஷூ நாடாவால் சேர்த்து முடிந்திருந்தேன். தெறித்த கிளிப்புக்கு அது எவ்வளவோ மேல்.

வெளியே வந்து பீர் தோட்டத்தில் உட்கார்ந்தேன். மேஜைகளுக்கு நடுவே ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேண்ட், அதுவும் பாதி இறங்கியிருந்தது. அவன் அம்மா பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி, பின்னாலிருந்து ஒரே இழுப்பில் மேலேற்றிவிட்டார். அவன் நிற்கவே இல்லை.