பயம் இல்லை என்று நான் சொன்ன பொய்

மிஷன் தேர்வுக் குழுவில் கடைசியாகக் கேட்ட கேள்வி, "பயம் ஏதும் இருக்காம்மா?" என்பதுதான். "இல்லைங்கய்யா, கர்த்தர் பார்த்துக்குவார்" என்றேன். நாலு பேர் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அஞ்சாவதாக உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இது 2024 டிசம்பரில். சொன்னது பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைத் திருத்திச் சொல்ல எனக்கு மார்ச் வரை ஆயிற்று.

நான் ஸ்டாஃப் நர்ஸ், பதினோரு வருட சர்வீஸ். போக வேண்டியது யுகாண்டாவின் மேற்கில் ஒரு சின்ன மிஷன் மருத்துவமனைக்கு, பிரசவ வார்டு, இரண்டு வருடம். நேர்காணல், மெடிக்கல், சேகர குருவின் கடிதம் எல்லாம் சீக்கிரமே முடிந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் இடித்தது போலீஸ் கிளியரன்ஸ், அதாவது என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்ற சான்றிதழ். பாஸ்போர்ட்டில் இருப்பது நாசரேத் பக்கத்து ஊர் முகவரி, நான் இருப்பது மதுரையில் ஹாஸ்டல். ஆன்லைனில் நிரப்பும்போது, தற்போதைய முகவரி என்ற இடத்திலும் ஊர் முகவரியையே போட்டுவிட்டேன், சோம்பல்தான். விசாரிக்க வந்தவரிடம் அம்மா உள்ளதைச் சொல்லியிருக்கிறார்: "அவ மதுரைல்லா இருக்கா, தீபாவளிக்கு வந்தா, இனி கிறிஸ்மஸுக்குத்தான் வருவா." அவ்வளவுதான், இந்த முகவரியில் ஆள் இல்லை என்று அறிக்கை போய்விட்டது. கவுண்டரில் இருந்தவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "மறுபடி அப்ளை பண்ணுங்க" என்றார். மறுபடி ஐந்நூறு ரூபாய், மறுபடி ஒரு மாதம். நீங்கள் போடும்போது இப்போது தூங்கி எழும் முகவரியைப் போடுங்கள், அதற்கு ஒரு ஆதாரத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஊர் வீட்டில் இருப்பவர்களிடம் "யாராவது விசாரிக்க வந்தால் எனக்குப் போன் போடுங்கள்" என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. (மஞ்சள் காமாலை இல்லை. இதை எங்கள் தெருவில் ஏழு பேருக்கு விளக்கியிருப்பேன். ஒரு சித்தி கீழாநெல்லி அரைத்தே கொண்டுவந்துவிட்டார்.) யுகாண்டாவுக்குள் போக, அந்த ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டை கட்டாயம், விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போதே அதைப் பதிவேற்றச் சொல்கிறார்கள். அட்டை இல்லாமல் அங்கே போய்த் திரும்பினால் நம் ஊர் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும், அதனால் கடைசி வாரத்துக்கு வைக்கவே கூடாது.

2025 ஜனவரி 30, வியாழன் இரவு, அந்த ஊசிக்காகச் சென்னை போக நாசரேத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினேன். விருதுநகர் தாண்டியிருக்கும், போனில் அந்தச் செய்தி. யுகாண்டா தலைநகர் கம்பாலாவில் எபோலா, இறந்தவர் ஒரு நர்ஸ். சூடான் வகை வைரஸ். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் எபோலா தடுப்பூசி ஜயீர் என்ற வேறொரு வகைக்குத்தான், இதற்கென்று அங்கீகரித்த ஊசி கிடையாது. ஒரு நர்ஸுக்கு இந்த நாலு வரி போதும். அப்பர் பெர்த்தில் படுத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்த மனிதர் எந்த ஷிப்டில் இருந்திருப்பார், கையுறை போட்டிருந்தாரா, முதல் நாள் சாதாரண மலேரியா என்றுதானே நினைத்திருப்பார் என்றெல்லாம் யோசித்தபடி எழும்பூர் வரை விழித்தே கிடந்தேன்.

விடிந்து ஊசி போடும் மையத்துக்குப் போனால், ஒரிஜினல் பாஸ்போர்ட் எங்கே என்றார்கள். அது மிஷன் அலுவலகத்தில். என்னிடம் இருந்தது நகல். "பார்த்தீங்களா, போர்டுலயே போட்டிருக்கு" என்று அந்த அம்மா சுவரைக் காட்டினார். போட்டிருந்தது உண்மைதான். ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும், அதனால் குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான் ஊசி, அடுத்த முறை பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. ஊசி போடவில்லை, அப்படியானால் இன்னும் போக வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் ஒரு குரல்.

வீட்டில் அதற்குள் பெரியப்பா வந்து உட்கார்ந்திருந்தார். "இடி அமீன் துரத்தின ஊருக்காட்டி போற? தொண்ணூறு நாள்ல மூட்டையக் கட்டச் சொன்னவன்." 1972-இல் யுகாண்டாவை ஆண்ட இடி அமீன் அங்கிருந்த இந்தியர்களை வெளியேற்றியதைப் பற்றி அவர் சொன்னது சரிதான், இப்போது 2025 என்பதைத்தான் அவர் ஏற்கத் தயாராக இல்லை. சபையில் எல்லாரும் வாட்ஸப்பில் "பயப்படாதே" வசனமாக அனுப்பினார்கள். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 365 தடவை வேதத்தில் இருக்கிறது என்று ஒரு கணக்கும் கூடவே வந்தது. ஒரு சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியை எடுத்து எண்ணினேன். பக்கத்தில்கூட வரவில்லை. வேலை இல்லாமல் எண்ணவில்லை, தூக்கம் வராமல் எண்ணினேன்.

பிப்ரவரியில் ஒரிஜினலோடு போய் ஊசி போட்டாயிற்று. அதே மாதம் மலேரியாவுக்கு முன்தடுப்பாக ஒரு டாக்டர் மெஃப்ளோகுயின் எழுதிக் கொடுத்தார், வாரம் ஒரு மாத்திரை, ஒத்துக்கொள்கிறதா என்று இங்கேயே மூன்று நாலு வாரம் போட்டுப் பாருங்கள் என்று. இரண்டாவது மாத்திரையிலிருந்து கனவு. வார்டில் நிற்கிறேன், கையுறைப் பெட்டி காலி, அடுத்த பெட்டியும் காலி. மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று எழுந்து உட்காருவேன். பகலில் காரணமில்லாமல் அழுகை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொன்னதும், இது சத்துருவின், அதாவது சாத்தானின், போராட்டம் என்று ஒரு நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள், அன்போடுதான். நானும் அப்படியே நம்பினேன். மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தது மூன்றாவது மாத்திரைக்குப் பிறகு: கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு. பதினோரு வருடமாக மற்றவர்களுக்கு மாத்திரை கொடுப்பவள் நான், இதைப் படித்தபோது எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டாக்டர் உடனே டாக்ஸிசைக்ளினுக்கு மாற்றினார், அது தினமும், ஊரை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பு தொடங்கினால் போதும். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போட வேண்டும், போட்டதும் படுக்கக் கூடாது. போகப்போகிறவர்கள் யாராக இருந்தாலும் அந்தத் தாளை முதல் நாளே படித்துவிடுங்கள், ஜெபமும் பண்ணுங்கள், ஆனால் தாளைப் படித்துவிட்டுப் பண்ணுங்கள்.

மாத்திரையை நிறுத்தி இரண்டு மூன்று வாரம் ஆயிற்று. கனவு நின்றது. பயம் நிற்கவில்லை, ஆனால் அது எவ்வளவு பெரியது என்று இப்போது பார்க்க முடிந்தது.

மார்ச்சில் அந்த அக்காவுக்குப் போன் செய்து, அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன் அக்கா என்றேன். அவர் சிரித்தார். "பயமே இல்லைன்னு சொல்றவங்கள அனுப்பத்தான் எனக்குப் பயம். கையுறை கிழிஞ்சா வெளிய சொல்லாம மறைக்கிறது அவங்கதான்" என்றார். பிறகு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்: பயத்தை எல்லாம் ஒரு பக்கம் எழுது, எதிர்ப்பக்கம் அதை யாரிடம் கேட்கலாம் என்று எழுது, யாரிடமும் கேட்க முடியாதது மட்டும் ஜெபத்துக்கு. எழுதினேன், பதினாலு வந்தது. எபோலாவுக்கு எதிரே அங்கிருக்கும் தலைமை நர்ஸான மேட்ரனின் மின்னஞ்சல் முகவரி. பாதுகாப்பு உடை எத்தனை செட், தனி அறை உண்டா, கழற்றும் முறையை யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று வெட்கப்படாமல் கேட்டேன். மூன்றாம் நாள் பதில், போட்டோக்களோடு. 2022-இல் யுகாண்டாவின் முபெண்டேயில் எபோலா வந்தபோதே தனி அறை ஏற்பாடு செய்துவிட்டார்களாம். கடைசியில் ஒரு வரி: நீதான் முதலில் கேட்டாய், எல்லாரும் வந்து பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். பதினாலில் பதினொன்று இப்படிக் கேள்விகளாகவே தீர்ந்துபோயின. ஏப்ரல் 26 அன்று அங்கே நோய் முடிந்ததாக அறிவித்தார்கள். அதற்குள் கிளியரன்ஸும் வந்துவிட்டது, இந்த முறை விசாரிக்க வந்தவருக்கு ஹாஸ்டல் வாசலில் நானே நாற்காலி போட்டேன்.

மிச்சமிருந்த மூன்றில் ஒன்று ஒரு படிவம். கடத்தினால் பிணைப்பணம் கொடுக்க மாட்டோம் என்பதற்கு ஒரு கையெழுத்து. அடுத்த பக்கத்தில், மரணம் நேர்ந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்கமா, பெட்டியில் குறியிடவும், நெருங்கிய உறவினரின் ஒப்பம் வேண்டும். ஒன்பது நாள் அதைப் பைபிளுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அம்மாவே கண்டுபிடித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

"ஏட்டி, கொண்டு வர்ற செலவு யாருக்கு?"

"மிஷனுக்குத்தாம்மா."

"அப்ப ஊருக்கே கொண்டு வரட்டும்." பேனா கீறும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அப்பா பக்கத்துல இருக்க எடம் எனக்கு. நீ வேற எடம் பாத்துக்க."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துக்குக் கீழே தேதி போட மறந்துவிட்டதாகச் சொல்லி, படிவத்தைத் திரும்ப வாங்கினார்.